கருப்பண்ணனுக்குப் போட்ட ஊசி

"ஐயோ... எம் புருசன்!"

ஸ்கேன் சென்டரே அதிர்ந்தது!

சப்-இன்ஸ்பெக்டர் ஜீவானந்தம் துள்ளி எழுந்தார். இடுப்பைத் தடவினார். துப்பாக்கி இல்லை. ஆஸ்பத்திரி அங்கிதான் இருந்தது. அதன் முதுகுக் கயிறும் அவிழ்ந்திருந்தது.

"கோகிலா! என்னைப் பாக்காத. அங்க பாரு!"

கான்ஸ்டபிள் கோகிலா பார்த்தாள். ஸ்கேன் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் தரையில் கிடந்தான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குத் திணறி...

மலைமேல் செம்மேட்டில் புதிதாகத் திறந்த சென்டர் அது. வயிற்றுவலி என்று வந்திருந்தார் ஜீவானந்தம். ஸ்கேனுக்காகப் போடும் அடுத்த ஊசி அவருக்குத்தான்!

அதில்தான் சிக்கல். சேலத்தில் ஒருமுறை இதே ஊசி போட்டு, முகம் போண்டா மாதிரி வீங்கி, மயங்கி விழுந்தவர் அவர். ஸ்டேஷனில் கேட்டவர்களிடம், திருடனைத் துரத்தும்போது தேனீ கொட்டியதாகச் சொல்லி வைத்திருந்தார். சற்று முன் டெக்னீஷியன் வித்யாஸ்ரீ விசாரித்தபோது கோகிலா பக்கத்தில் நின்றாள். "போலீஸ்காரன ஊசி என்னம்மா பண்ணும்? ஒண்ணும் ஆனதில்ல!" என்று மார்தட்டிவிட்டார். வேண்டாத வீரம்!

டாக்டர் பிரபாவதி ஓடி வந்தார். விழுந்தவனின் தொடையில் நறுக்கென்று உயிர்காக்கும் அட்ரினலின் மருந்தைப் போட்டார்.

"ஆக்சிஜன்! காலைத் தூக்கி வைங்க!"

ஜீவானந்தத்தின் மனம் குதித்தது. அவர் சர்வீஸில் பெரிய கேஸ் ஒரு மிளகு மூட்டைத் திருட்டு. அதையும் திருடனே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டான். இதோ... முதல் கொலை!

"ஆளு யாரு?"

"கருப்பண்ணனுங்க சார். ஆலத்தூர் நாட்டுக்காரரு," என்றாள் வித்யாஸ்ரீ.

"என்ன விஷம் ஏத்துன?"

"விஷமில்லீங்க சார்! அயோடின் மருந்து. ரத்தக்குழாயெல்லாம் படத்துல பளிச்சுன்னு தெரியறதுக்கு. யாரோ ஒருத்தருக்கு ஒத்துக்காதுங்க. அதனாலதான் முன்னாடியே கேப்போம்."

"கேட்டியா?"

"கேட்டனுங்க. இந்த ஊசி ஏற்கெனவே போட்டிருக்கீங்களா, வீசிங் உண்டா, கிட்னி எப்படின்னு. எல்லாத்துக்கும் இல்லீன்னாரு."

"பொய்! கோகிலா, கைது பண்ணு! விலங்கு எங்க?"

"உங்க பேண்டுலீங்க சார். பேண்டு உள்ள தொங்குது."

ஜீவானந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்த, விழுந்தவனின் மனைவி கண்ணாயியிடம் திரும்பினார்.

"நேத்து என்னம்மா சாப்பாடு போட்ட?"

"நண்டு ரசமுங்க சாமி..."

"ஆகா! நண்டுல அயோடின்... ஊசியிலயும் அயோடின்! திட்டம் போட்டுக் கொன்னிருக்க!"

"சார்!" டாக்டர் சீறினார். "நண்டுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லீங்க. அது சும்மா கட்டிவிட்ட கத. அப்பறம்... இவரு இன்னும் சாகல. பொழச்சுக்குவாரு."

ஜீவானந்தத்தின் முகம் வாடியது. வாடியதற்காக அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அப்போது...

கதவு படீரென்று திறந்தது! மூச்சிரைக்க ஒருவன்.

"ஏனுங்க, கருப்பண்ணன் செத்துட்டான்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கறாங்களே, நெசமுங்களா?"

"நீ யாருய்யா?"

"நான்தானுங்க கருப்பண்ணன்!"

ஜீவானந்தத்துக்குத் தலை சுற்றியது. "அப்ப கீழ கெடக்கறது?"

கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். "எம் புருசன் ராசுங்க. எங்களுக்குக் காப்பீட்டு அட்டை இன்னும் வரல. எங்கண்ணன் அட்டையில..."

அட்டையிலிருந்த போட்டோ யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் போல் மங்கியிருந்தது.

தரையில் கிடந்த ராசு கண் திறந்தான்.

"நான் பொய் சொல்லலீங்க. கருப்பண்ணனுக்கு வீசிங் இருக்கான்னு கேட்டாங்க. மச்சானுக்கு இல்லீங்களே! ஊசி போட்டிருக்கீங்களான்னாங்க. மச்சான் ஊசியப் பாத்ததே இல்லீங்க. போன வருசம் நாமக்கல்ல இதே ஊசி போட்டு மூச்சு முட்டுனது ராசுக்குத்தானுங்க!"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒருக்கா ஒத்துக்கலீன்னா மறுக்காவும் ஒத்துக்காமப் போகலாம்யா! மாத்து மருந்து கையில இல்லீன்னா, மலையடிவாரம் காரவள்ளிக்கு எறங்கறதுக்குள்ள உன் கத முடிஞ்சிருக்கும்!"

கண்ணாயி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வித்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அடுத்தது நீங்கதானுங்க சார். வாங்க."

ஜீவானந்தம் ராசுவின் வீங்கிய உதட்டைப் பார்த்தார். கோகிலாவைப் பார்த்தார். மானமா... உயிரா...?

"எனக்கும் ஆகாதும்மா!" கத்தியே விட்டார். "சேலத்துல இதே ஊசியில மயங்கி விழுந்தேன்!"

"அப்ப அந்தத் தேனீ, சார்?" என்றாள் கோகிலா.

"தேனீயும் இல்ல. திருடனும் இல்ல."

ஊசி போடாமலே ஸ்கேன் எடுக்கலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோரும் படாதபாடு பட்டார்கள்.

கருப்பண்ணன் மட்டும் மெல்ல அருகில் வந்தான்.

"ஏனுங்க சார்... நீங்க யாரு பேருல வந்திருக்கீங்க?"