இடது பின் சக்கரம்

சக்கரத்திலிருந்து வரும் சத்தம் என்றால் வண்டி வேகமெடுக்கும்போது அதுவும் வேகமெடுக்க வேண்டும். இது எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மகளை ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் ஊர்ந்தபோதும் டக், டக் என்று அதே நிதானம். பெரிய சாலையில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதும் அதே நிதானம். இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், யாரோ அவசரமே இல்லாமல் விரல் முட்டியால் தட்டுவது போல.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கோபம் சத்தத்தின் மேல் இல்லை. நேற்று இதைச் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "உனக்கு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும்" என்றானே, அந்தக் கணவன் மேல். அவன் ஓட்டிப் பார்த்தானாம், ஒன்றும் இல்லையாம். மெக்கானிக்கும் தனியாக ஒரு சுற்று போய்விட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி போகுதுக்கா" என்று சிரித்திருந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நீள ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை அச்சுக்குப் பக்கத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டானாம். பேரிங் சுத்தமாம். அப்படியானால் அவள்தான் பைத்தியம்.

கண்ணாடியில் பார்த்தாள். மகள் பின் சீட்டின் இடது ஓரத்தில், கால்களை சீட்டின் மேலேயே மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூ முழுக்க மழைச் சேறு.

"காலைக் கீழ வைடி! சீட்டெல்லாம் சேறாகுது பாரு."

"வேணாம்மா."

"வேணாமா? நீயும் உங்கப்பா மாதிரியே பேசு."

மகள் ஷூ நுனியை மட்டும் கொஞ்சம் இறக்கினாள். அம்மாவின் கண் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி மேலே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே இதே கூத்துதான். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கத்துவதற்கே நேரம் சரியாக இருந்தது.

டக்.

வீட்டுப் பக்கம் திரும்பாமல் வண்டியை நேராகப் பட்டறைக்கு விட்டாள்.

"இன்னிக்கு நீ என்கூட உக்காந்து வர்ற தம்பி. தனியா ஓட்டுற கதையெல்லாம் வேணாம்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் முன் சீட்டில் ஏறினான். தெருமுனை வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"கேக்குதுக்கா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதை அப்படியே அவர்கிட்ட சொல்லணும் நீ. என் முன்னாடியே சொல்லணும்."

"சொல்றேங்க்கா. முதல்ல என்னன்னு பாத்துடலாம். சத்தம் எது கூடப் போகுதோ, கோளாறு அதுலதான்." பட்டறைக்குத் திரும்பி, பின் சக்கரம் இரண்டையும் கழற்றி, இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி மாட்டினான். ஈர ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை மூக்கில் ஏற, அம்மாவும் மகளும் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தார்கள். மகள் வண்டிக்குள் மறுபடி ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கையைப் பிடித்துத் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுபடி கிளம்பினார்கள். டக், டக். சத்தம் சக்கரத்தோடு போகவில்லை. இடது பக்கத்திலேயே இருந்தது.

"இருங்க, நான் பின்னால உக்காந்து கேக்குறேன்." அவன் இறங்கிப் பின் கதவைத் திறந்தான். "பாப்பா, அந்தப் பக்கம் தள்ளிக்கோ."

மகள் காலைக் கீழே இறக்காமலேயே வலது ஓரத்துக்கு நகர்ந்தாள். அவன் குனிந்து இடது சீட்டில் காதை வைத்தான். வண்டி உருண்டது. மழை கூரையில் விழும் சத்தம், வைப்பர் தேய்க்கும் சத்தம். வேறெதுவும் இல்லை.

பிறகு, டக்.

அவளுடைய முதுகுக்கு நேர் பின்னால். வலது பக்கம்.

அவளுக்குப் புரியவில்லை. மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. மெல்ல நிமிர்ந்து, "பாப்பா, இப்ப நடுவுல வந்து உக்காரும்மா" என்றான்.

மகள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். சத்தமும் கூடவே நடுவில் வந்தது.

"வண்டிய நிறுத்துங்கக்கா."

ஓரம் கட்டி, சாவியைத் திருகி அணைத்தாள். வண்டி நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, மழையில் பின்வாங்கினான். "கோளாறு வண்டியில இல்லக்கா. பாப்பாவ வெளிய எடுங்க. சீக்கிரம்."

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். இவனும் நழுவுகிறான். காதால் கேட்ட பிறகும் நழுவுகிறான். இனி வீட்டில் போய் என்ன சொல்வாள்? அந்தத் தலை தட்டிலிருந்து நிமிரவா போகிறது? கண்ணாடியில் அதே முழங்கால். அதே ஷூ. அதே சேறு.

"எத்தனை தடவ சொல்றது உனக்கு? காலைக் கீழ வைடி!"

அப்படி ஒரு குரலில் அவள் கத்தியதே இல்லை. மகளின் உதடு பிதுங்கியது. சொன்ன பேச்சைக் கேட்டு, இரண்டு காலையும் முழுசாகக் கீழே இறக்கி வைத்தாள்.

சத்தம் நின்றது.

மழை மட்டும். எத்தனை நாளைக்குப் பிறகு இந்த அமைதி. அவள் மூச்சு விட்டாள். ஜெயித்துவிட்டதாகக்கூடத் தோன்றியது.

"அம்மா." மிகச் சின்னக் குரல். "பிடிச்சிருச்சும்மா."

கண்ணாடியைப் பார்த்தாள். மகளின் முகம். கழுத்து தெரியவில்லை.

தன் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கழலவில்லை. மறுபடி இழுத்தாள்.

வாய் தெரியவில்லை. மூக்கு தெரியவில்லை. கண்கள் மட்டும், அவளையே பார்த்தபடி.

பிறகு நெற்றி.

பிறகு, காலையில் அவள் சீப்பால் கோடு போட்டு எடுத்துவிட்ட வகிடு. அதுவும் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.