ஒரு மூடி பிராந்தி

ஞானதுரையின் இடது புயத்தில், தோலுக்கடியில் அரிசி அளவில் கிடந்த மதுக்காவலி, குடிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக, அன்றும் பச்சையாகத்தான் மினுங்கியது. அவன் மனைவி ஜெபக்கனிக்கு அந்தப் பச்சைமேல்தான் சந்தேகம்.

காவலி தினமும் ஒரு துளி மருந்தை ரத்தத்தில் விடும். அதன்மேல் மது பட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆளைச் சாய்த்துவிடும். மருத்துவமனைக்கும் சேதி போய்விடும். தூத்துக்குடியில் குடியை விட்ட முக்கால்வாசிப் பேரின் புயத்திலும் அது இருந்தது. ஆனால் மருந்தை அடைக்கிற காந்த வளையம் துறைமுகப் பக்கம் கிடைப்பதாகப் பேச்சு. பதினோரு வருஷம் பொய் கேட்ட காது அவளுடையது. ஒரு வாரமாக மனுஷன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

முக்காடு போட்டுக்கொண்டு அவளே மதுக்கடைக்குப் போனாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. சாயங்காலம் ஆறிய கருப்பட்டிக் காப்பியில் ஒரு மூடி பிராந்தியைக் கலந்தாள். காவலி ஒழுங்காக இருந்தால் ஒரு மூடிக்கு லேசாக முகம் சிவக்கும், அவ்வளவுதானே? சிவக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஏட்டி, காப்பி ஒரு மாதிரி இருக்கு."

"சுக்கு கூடிப்போச்சு. குடிங்க."

அவளை நம்பிக் குடித்தான். கால்மணி நேரத்தில் முகம் செங்கல்லானது. மூச்சு முட்ட, நெஞ்சைப் பிடித்தபடி தரையில் சரிந்தான். லேசாகவாம், லேசாக! அவள் அலறும் முன்பே, காவலி அழைத்த ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

மருத்துவமனையில் கண் திறந்ததும் அவள் கையைப் பிடித்தான். "வேதத்து மேல சத்தியம், நான் குடிக்கலட்டி. நீயாவது நம்பு."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நம்பினாள். அவன் சொல்வது உண்மை என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

செவிலியர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சதா பதிவாயிருக்கு. மருந்தளவு இப்பத் தானா ரெட்டிப்பாகும். இனி ஒரு சொட்டு பட்டாலும் இருதயம் தாங்காது, பாத்துக்கோங்க."

"ஐயோ சிஸ்டர், அதக் கூட்டாதீங்க!" ஜெபக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். "அவரு மேல தப்பே இல்ல. சோதிச்சுப் பாக்க நாந்தான் காப்பியில கலந்தேன்."

செவிலியர் பரிவோடு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இந்த வாரம் நீங்க ஆறாவது ஆளு, அக்கா. புருசனக் காப்பாத்த எல்லாரும் இதத்தான் சொல்லுதீங்க."