அசையாத பந்தி

யுத்தம் மறுபடி மூண்டிருந்த 2006இல், ஒரு காலை ஸுல்பிகா பாலையூற்றுக்கு ஆனந்தராசாவைத் தேடி வந்தாள். வங்கி மோசடிகளை விசாரித்து ஓய்வுபெற்றவர் அவர். அவரைவிட்டுப் பிரியாத சிநேகிதர், ஆட்டோ ஓட்டும் ஆதம்பாவா, அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கணினிக் கடையில் அவள் தட்டச்சு செய்பவள். கடலுக்குப் போக அனுமதி கேட்டுக் குச்சவெளி மீனவர்கள் கடற்படை முகாமுக்குக் கொடுக்கவிருந்த மனுவை அவள்தான் அடித்தாள். அதன் நடுவே முகாமை ஏசி நாலு வரியில் ஒரு பந்தி இருந்தது. சங்கத் தலைவர் கையெழுத்திடுமுன் கண்டதால் தப்பினார்கள். கடைக்காரர் குணரத்தினம் அவளை வேலையால் நிற்பாட்டிவிட்டார்.

“நான் அடிக்கேல்ல, சேர். அது போய்ச் சேர்ந்திருந்தா என்னைத்தான் பிடிச்சிருப்பாங்க.”

கடையில் இன்னொருத்தி மட்டும் இருந்தாள்: கல்யாண அட்டைகள் வடிவமைக்கும் றஹ்மா. ஸுல்பிகாவுக்கு வேலை பழக்கியவள்.

ஆதம்பாவாவின் சந்தேகம் முதலாளிமேல். மூவரும் கடைக்குப் போனதும் ஆனந்தராசா மனுவைத் திரையில் திறக்கச் சொன்னார். எழுத்தும் அளவும் எங்கும் ஒன்றுபோலவே இருந்தன.

முழு மனுவையும் ஒரே ஸ்டைலில், எழுத்துருவையும் அளவையும் ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்பில், அடித்ததாக ஸுல்பிகா சொன்னாள். அந்த ஸ்டைலின் எழுத்தளவைக் கூட்டச் சொன்னார். எல்லாப் பந்திகளும் பெருத்தன. ஏசிய பந்தி மட்டும் அசையவில்லை. அதில் சொடுக்கியதும் ஸ்டைலின் பெயர் தெரிந்தது: ‘கல்யாணம்’.

“வேறு கோப்பிலயிருந்து கொப்பி பண்ணி ஒட்டினா அந்த ஸ்டைலும் கூட வரும்,” என்றார் ஆனந்தராசா. “வெறும் எழுத்தா ஒட்டியிருந்தா அது வந்திருக்காது. அவசரத்தில உள்ளபடியே ஒட்டி, பார்வைக்கு எழுத்தையும் அளவையும் மட்டும் சரிப்படுத்தியிருக்கு.”

“முதலாளிக்கும் அப்பிடிச் செய்ய ஏலும்தானே?” என்றார் ஆதம்பாவா.

அந்த ஸ்டைல் றஹ்மாவின் கணினியில் மட்டுமே இருந்தது; அச்செடுக்க எல்லாக் கோப்புகளும் அதற்குத்தான் போகும். அந்தக் கணினியின் கடவுச்சொல் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்று குணரத்தினம் ஒப்புக்கொண்டார்.

றஹ்மா மறுக்கவில்லை. “வாற ஆக்கள் எல்லாரும் என்னைத் தாண்டி இவளைத்தான் தேடுறாங்க. நான் பழக்கின பிள்ளை. ஒரு பிழை வந்தா தேடமாட்டாங்க எண்டு நினைச்சன். பிடிப்பாங்க எண்டு நினைக்கேல்ல.”

“நினைச்சிருப்பீங்கள்,” என்றார் ஆனந்தராசா. “எழுத்துப்பிழை விட்டிருந்தாலே போதும். நீங்கள் முகாமைப் பற்றி எழுதினீங்கள்.”

றஹ்மா தன் கணினியை அணைத்தாள்.

குணரத்தினம் ஸுல்பிகாவைத் திரும்ப வேலைக்கு வரச்சொன்னார். அவள் சம்மதித்து, ஒன்று கேட்டாள்: “மீனவரிட்ட இவவிட பேரைச் சொல்லாதீங்க. கதை வெளியே போனா இவவையும் பிடிப்பாங்க.”

அதுவரை கலங்காமல் நின்ற றஹ்மாவுக்கு அந்த இரக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.