கை தட்டினால் நிறுத்திவிடுவாள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் வாசலில் நின்றபடி மாமியார் மனத்தை மாற்றிக்கொண்டார்.

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

மூத்த மருமகளின் திட்டம் அங்கேயே ஆட்டம் கண்டது. இரண்டு வாரம் பாடுபட்டு, வீட்டிலிருந்த அத்தனை பேரையும் இரண்டு மணி நேரம் ப்ளைவுட் கடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தாள். கணவனிடம் ஒரு காரணம், கொழுந்தனிடம் ஒரு காரணம், பிள்ளைகளிடம் ஐஸ்கிரீம். எல்லாரும் படி இறங்கிவிட்டார்கள். மிச்சம் இந்த ஒருவர்தான்.

"அத்தை... நீங்க பார்த்துச் சொன்னாதானே கலர் சரியா வரும்?"

"பலகைக்குக் கலர் என்ன கலர்? பலகைக் கலர்தான்."

"கொஞ்சம் நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர்கூடச் சொன்னாரே..."

"எந்த டாக்டர்? பக்கத்து வீட்டுப் பல் டாக்டரா? ஆடுற பல்லை விட்டுட்டு ஆடாத பல்லைப் பிடுங்கினவன், அவனுக்கு என் முட்டியப் பத்தி என்ன தெரியும்? ஏம்மா, என் வீட்டை விட்டு என்னைத் துரத்த உனக்கு அப்படி என்ன அவசரம்?"

மாமியார் ஒற்றைச் செருப்போடு தட்டுத் தடுமாறித் தன் அறைக்குள் போனார். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒருமுறை சம்பந்தியையே அதட்டியவர் அவர். அறைக்கதவு சாத்திக்கொண்டது.

மருமகள் ஹாலின் மூலையில் நின்ற பியானோவைப் பார்த்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு அது போகிறது. கொழுந்தன் குடும்பம் இங்கேயே வந்து சேர்ந்தாகிவிட்டது. நான்கு நாளாக அவர்கள் சோபாவிலும் தரையிலும் படுத்து எழுகிறார்கள். அந்த மூலையைப் பலகை அடைத்து அறையாக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பியானோ வேண்டுமென்று கேட்டார்கள். கணவன் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னபோது அவள் "சரி" என்றாள்.

அந்த வீட்டில் அவள் சொல்லும் "சரி"யை யாரும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர். அவளிடம் கேட்டால் சரி. கல்யாணமான புதிதில் இசைக்குழுவை விடச் சொன்னபோதும் சரி. மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருஷமும் சரி.

பத்தொன்பது வருஷமாக அவள் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் பியானோ வாசிக்கிறாள். பிள்ளைகள் ஓடிவந்து, குதித்து, குட்டிக்கரணம் போட்டு விழுவதற்கு ஏற்ற இசை. ஒன்று முதல் எட்டு வரை எண்ண வேண்டும்; மறுபடி ஒன்று முதல் எட்டு. எவளாவது தப்பாகக் குதித்தால் கோச் கையைத் தட்டுவார். தட்டினதும் நிறுத்தியாக வேண்டும். பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது யாருக்கும் கவலையில்லை. வெறும் மூட்டை தூக்குகிற வேலை, மூட்டைக்குப் பதில் பாட்டு, அவ்வளவுதான்.

கை தட்டாத ஓர் இடத்தில், எட்டு வரை எண்ணாமல், போகிற வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். பல் டாக்டரிடம் மட்டும் சொன்னாள். ஒலிப்பதிவில் அவருக்குக் கிறுக்கு. பல்லில் துளை போடுகிற சத்தம் காதில் விழாமலிருக்கத்தான் ஹெட்போன் வாங்கினார், அது முற்றிவிட்டது என்று தெருவில் பேச்சு.

"அக்கா, ஆல்பமாவே போட்டுடலாம். ஜாஸ். நீங்க ஒருத்தர்தான், உங்க குரலும் பியானோவும். எதையும் எழுதி வெச்சுக்காதீங்க. அந்த நேரத்துல என்ன தோணுதோ அதை வாசிங்க, வாய்ல என்ன வருதோ அதைப் பாடுங்க. நாப்பது நிமிஷம், ஒரே மூச்சு."

"தப்பாயிடுச்சுன்னா?"

"மறுபடி வாசிக்கலாம். ஆனா அது வேற பாட்டு."

ஒன்பது மணிக்கு அவர் பின்வாசல் வழியாகத் திருடனைப் போல வந்தார். பல்லைப் பிடுங்கிய நாளிலிருந்து மாமியார் கண்ணில் படாமல் இருப்பதே அவர் பிழைப்பு. பியானோவின் வயிற்றருகே ஒரு மைக். மாமியார் அறைப் பக்கம், நடைவழியில் இன்னொரு மைக். அங்கேதான் எதிரொலி நன்றாக விழுகிறதாம். கம்பிகளைச் சமையலறைக்கு இழுத்து, லேப்டாப்பை மேஜையில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் ஐந்து நிமிஷம் எட்டு வரைதான் வந்தது. பழகின மாடு செக்கையே சுற்றும். ஆறாவது நிமிஷம் இடது கை ஒன்பதுக்குப் போயிற்று. யாரும் குதிக்கவில்லை, யாரும் விழவில்லை. அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை இல்லை. "தா... து... பா..." என்று குழந்தை மழலை பேசுவதுபோல் ஒன்று வந்தது. விரல் ஒன்று சொன்னால் குரல் மறுத்தது. குரல் மேலே போனால் விரல் கீழே இறங்கிச் சிரித்தது. மாமியாரைப் போல அதட்டிப் பாடினாள். தன்னைப் போல "சரி" வாசித்தாள். பிறகு அந்தச் "சரி"யையே பத்து விதமாகத் திருப்பி, கடைசியில் "முடியாது" என்று கேட்கிற மாதிரி அடித்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. இருபத்தாறாவது நிமிஷம், ஓர் இடத்தில் இரண்டு கையையும் தூக்கி, மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்து எங்கே போகலாம் என்று ஒரு கணம் நின்றாள்.

மாமியார் அறையிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது. டப். டப். டப்.

அவள் கைகள் மடியில் வந்து விழுந்தன.

அவளாக வைக்கவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் வைத்தது. தட்டினால் நிறுத்து. நிறுத்திவிட்டாள். வாசிக்க இருந்தது எதுவோ, அது தலையிலிருந்து துடைத்துப்போட்ட மாதிரி போய்விட்டது.

எழுந்து போய் அறைக்கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"ஏன் அத்தை...! ஏன் கை தட்டினீங்க?"

கதவோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் திடுக்கிட்டார். "கொசு" என்றார்.

"கொசுவா! நாளைக்கு இந்நேரம் பியானோவே இருக்காது. இந்த ரெண்டு மணி நேரத்தையாவது எனக்கு விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் சரி சரின்னு சொன்னேனே... ஒரு நாள்... ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்க முடியலையா உங்களால!"

"நான் எங்கடி வாயைத் திறந்தேன்? கையைத்தானே தட்டினேன்!"

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. சரியாக அதே நேரத்தில் வாசல் கதவும் திறந்தது. ப்ளைவுட் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வரிசையில் முதலாவதாக நாத்தனார். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், பலகை பார்க்கக்கூடக் கூட்டத்தோடு போகிறவள்.

"ஐயோ அம்மா! ஏன் அழறீங்க? அண்ணி, எங்கம்மாவை என்ன பண்ணீங்க?"

"என்னை வாயை மூடச் சொல்றா..." என்றார் மாமியார்.

"கேட்டியாண்ணே! வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவைத் தனியா வெச்சு மிரட்டியிருக்காங்க! பியானோ போகுதுங்கற ஆத்திரம்! அன்னிக்கு 'சரி'ன்னாங்களே, அப்பவே நினைச்சேன், இவ்வளவு நல்ல மனுஷி உலகத்துல இருக்க முடியாதுன்னு!"

கணவன் லிப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். ஆனால் வீட்டில் எப்போதும் நடுவில் மாட்டிக்கொள்வது அவன்தான். "என்னம்மா இதெல்லாம்..." என்று பொதுவாகச் சொன்னான். அது மனைவிக்கா தாய்க்கா என்று தெரியாதபடி சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, அமைதியாகச் சொன்னாள்: "டாக்டர்... அழிச்சுடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கு ஆளுங்க வருவாங்க. இதை எடுத்துட்டுப் போகட்டும்."

அங்கே பல் டாக்டர் இருப்பதையே அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஹெட்போன் கழுத்தில் தொங்க, முகம் வெளுத்து நின்றார். மாமியாரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். விரல் பட்டன் மேல் இருந்தது.

"அழிக்கறேன் அக்கா. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை... நடைவழியில வெச்ச மைக் இருக்குல்ல, அதை மட்டும் தனியாக் கேளுங்களேன்."

"வேணாம்" என்றார் மாமியார், சட்டென்று. "அழிக்கச் சொன்னா அழிக்க வேண்டியதுதானே! எந்தப் பல்லைப் பிடுங்கச் சொன்னாலும் வேற பல்லத்தான் பிடுங்குவியா?"

ஆனால் டாக்டர் அந்த ஒரு நாள் ஆண்பிள்ளையாக இருக்க முடிவு செய்துவிட்டார். பட்டனைத் தட்டினார்.

பியானோ தூரத்தில் ஒலித்தது. அதற்கு முன்னால், மைக்குக்கு வெகு அருகில், டொக், டொக், டொக் என்று ஒரு தாளம். தப்பாத தாளம். ஹாலில் இருந்தவர்களின் கண்கள் ஒவ்வொன்றாக, திறந்த கதவு வழியே, மாமியாரின் காலுக்கு இறங்கின. ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

பிறகு குரல். தாழ்ந்த குரல், தனக்குத்தானே பேசுகிற குரல்.

"ம்... இன்னிக்குப் புதுசா இருக்கே... செவ்வாய்க்கிழமை வாசிச்சதைவிட இது மேல்... ஆங், அப்படிப் போ... மேல போ, இன்னும் மேல... ஐயையோ விழுந்துடாத... விழல, விழல! கெட்டிக்காரி!... இதென்ன, என்னை மாதிரியே கத்துறா! நான் இப்படியா கத்துறேன்?... சரியாத்தான் கத்துறா..."

நாத்தனார் அண்ணனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பியானோ உச்சத்துக்குப் போய் நின்றது. "அடி சக்கை!" என்றது குரல். தொடர்ந்து கைதட்டல். டப். டப். டப். நாலாவது பாதியில் நின்றது. அப்புறம், மிகவும் மெதுவாக: "ஐயோ... முடியலியா இன்னும்?"

டாக்டர் நிறுத்தினார்.

"கொசுன்னீங்களே அத்தை..." என்றாள் மருமகள்.

"பின்ன என்ன சொல்ல? பாதியில தட்டிட்டேன்னு சொல்லிச் சிரிக்க விடுவேனா?" மாமியார் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டார். "நாளைக்குப் போயிடுதே, கடைசியா ஒரு தடவை கேட்டுக்கலாம்னு இருந்தேன். அது ஒரு குத்தமா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்... ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாமே...!"

"நல்லா இருக்கறதை எதுக்குச் சொல்லணும்? நல்லா இல்லேன்னாதானே சொல்லணும்! நான் ஏதாவது சொன்னேனா? சொல்லலைல்ல? அப்புறம் என்ன!" மாமியாரின் அழுகை இப்போது சத்தமாக வந்தது. "நீ மட்டும் என்ன... பியானோவைத் தூக்கறோம்னு அவன் சொன்னப்போ நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். 'வேணாம்'னு சொல்லுவா, உடனே உள்ள பூந்து ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணிடலாம்னு காத்துட்டிருந்தேன். நீ 'சரி'ன்னுட்ட! என் சண்டையே வீணாப் போச்சு!"

மருமகள் கட்டிலருகே போனாள். யார் யாரை முதலில் பிடித்தது என்று தெரியவில்லை. மாமியார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், அழுதபடியே, "வேர்வை நாத்தம்... குளிச்சியா இல்லியா?" என்றார்.

"குளிச்சேன் அத்தை."

"அவ்வளவு கஷ்டப்பட்டு வாசிச்சிருக்கே..."

ஐந்து நிமிஷத்தில் உத்தரவுகள் வந்தன. பியானோ எங்கேயும் போகாது. மாமியாரின் அறைக்கு வரும்; கட்டில் சுவரோரம் ஒதுங்கும்; அலமாரி நடைவழிக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்கு மூத்தவன் இன்றே போய்ச் சொல்லிவிட்டு வருவான். மருமகளுக்கு அதில் ஒரு நொடி திகில் எழுந்தது. இனி ஒவ்வொரு நாளும் மாமியாரின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் வாசிக்க வேண்டும். "சரி" என்று நாக்கு நுனிவரை வந்தது.

"முடியாது" என்றாள். "காலையில பத்து மணிக்கு மேல உங்க ரூம்ல டிவி ஓடக் கூடாது. அப்படின்னாதான் பியானோ அங்க வரும்."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான் வாயைத் திறக்கறா" என்றார் திருப்தியாக. "பத்தரை."

"பத்தேகால்."

பேச்சு முடிந்தது.

"அக்கா, அந்த இருபத்தாறாவது நிமிஷத்துலேர்ந்தே மறுபடி தொடங்கிடலாம்" என்றார் டாக்டர். "நடுவுல வந்த கைதட்டலை வெட்டிடவா?"

"வெட்டாதீங்க. அந்த 'முடியலியா'வையும் சேர்த்து வையுங்க. பாக்கிக்கு அதுலேர்ந்தே போறேன்."

"ஒருத்தர் மட்டும் வாசிக்கற ஆல்பம்னு சொன்னோமே அக்கா..."

"இந்த வீட்டுல ஒருத்தர் மட்டும் எதைப் பண்ண முடியும் டாக்டர்?"

எல்லாரும் ஹாலின் ஓரத்தில் சிலை மாதிரி நின்றார்கள். மாமியாருக்கு மட்டும் ஸ்டூல். செருப்பைக் கழற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார், தாளம் கெட்டுவிடுமாம். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். மருமகள் நாலு சுரத்தில் "முடியலியா இன்னும்" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதில் தேடிக்கொண்டு பதினான்கு நிமிஷம் போனாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் நிறுத்தவில்லை.

கடைசிச் சுரத்தைத் தொட்டுவிட்டு, விரலை எடுக்காமல், அது அடங்கும் வரை காத்திருந்தாள். அடங்கியது. இரண்டு கைகளையும் தூக்கினாள். வீடு முழுவதும் நிசப்தம்.

அந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் கடைசியில் பத்து விநாடி ஒன்றும் இல்லாததைக் கேட்டு, முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பதினோராவது விநாடியில் ஸ்டூல் முனகும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு வயதான குரல், தன்னால் முடிந்த அளவு மெதுவாக:

"இப்பத் தட்டலாமா?"