கூப்பிடாமல் திறந்த குழாய்

சோழபுரம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் பழைய அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. அதை வாங்கி, பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறையாக மாற்றியவர் ராஜபாளையத்துப் பாலகணேஷ். ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், மேற்கு மலை தெரியாமல் மேகம் கவிந்து கிடந்த நேரத்தில், அவருடைய கார் பட்டறை வாசலில் வந்து நின்றது.

பெரிய மனிதர். கோவில் கொடைப் பலகையில் முதல் பெயர் அவருடையது. கண்மாய்க்குப் போகிற நஞ்சும் அவருடையதுதான். அதற்கு மட்டும் பெயர் போட்டுக்கொள்ளமாட்டார்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகத் தகவல். தொட்டியில் கழிவு நீர் தளும்பிக் கிடந்தது. பார்த்தால் பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். மழை நேரத்தில் கண்மாய்க்குள் விட்டுவிட்டால், மலையிலிருந்து வரும் செந்தண்ணீரில் கலந்து ஒன்றும் தெரியாது. அதற்காகவே தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு குழாய் பதித்து வைத்திருந்தார். அது தண்ணீருக்குள், வயலுக்குத் தண்ணீர் விடும் கல்மடையின் வாய்க்குப் பக்கத்தில் போய் முடிந்தது. எம்புட்டு மூளை பாருங்கள் அந்த மனிதருக்கு!

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, செல்லங்களா. மடையைத் திறப்பவர் கரையில் நின்று, "தொறக்கப் போறேன், உள்ள ஆளிருக்கா?" என்று குரல் கொடுப்பார். அடைப்பு எடுக்க யாராவது மூழ்கியிருப்பார்கள் அல்லவா? பதில் வராவிட்டால்தான் திறப்பார்.

போன வருடம் மடைவாயில் துணிக் கழிவு அடைத்துக்கொண்டது. ஊருக்கு நீர்பாய்ச்சும் இருளப்பசாமி அதை எடுக்க மூழ்கினார். பாலகணேஷ் குரல் கொடுக்காமல் குழாயைத் திறந்துவிட்டார். மறுநாள் உடல் மிதந்தது, வெளுத்த துணி மாதிரி. குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லி முடித்தார். செத்தவரின் மனைவி பாண்டீஸ்வரிக்குப் பட்டறையில் துணி காயப்போடும் வேலை கொடுத்தார். அந்தத் தர்மத்தை ராஜபாளையம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்திருக்கும்.

இந்த ஐப்பசி மத்தியானம் அவர் குழாயின் வால்வுப் பக்கம் நடந்ததுமே மற்ற ஆட்கள் நழுவிவிட்டார்கள். பாண்டீஸ்வரி மட்டும் நின்றாள்.

"மொதலாளி, கூப்பிட்டுட்டுத் தொறங்க."

"யாரை? ஒம் புருசனையா? செத்தவன்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமோ?"

"எங்க வீட்டுக்காரர மட்டும் சொல்லல. உள்ள யாரு கெடந்தாலும்..."

"ஏட்டி, அதுக்குள்ள மீனே கெடையாது. ஆளு எங்கிட்டு இருந்து வருவான்?"

மீன் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டே சிரிக்கிற வாய் அது.

சிரிப்பு அடங்காமலே வால்வுக்கு மேல் குனிந்து நையாண்டியாகக் கத்தினார். "ஏலே இருளப்பா! தொறக்கப் போறேன். உள்ள இருக்கியாலே?"

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

சேறும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நாற்றம் ஒன்று எழுந்தது.

குழாய்க்குள்ளிருந்து, வெகு பணிவாக, ஒரு குரல் வந்தது.

"இருக்கேன் மொதலாளி. இன்னும் வெளிய வரல."

பாண்டீஸ்வரி கையிலிருந்த துணி நழுவியது. "அவிய கொரலுதான்..." என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத மாதிரி.

"எவம்லே அவன் வெளையாடுறது!" பாலகணேஷ் வால்வைத் திருகினார்.

தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை.

ஏறியது.

நுரை விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. செத்த மீன்களின் செதில்கள் அதில் மினுங்கின. மூடிவிடலாம் என்று அவர் வால்வை மறுபக்கம் திருப்பப் பார்த்தார். கை அசையவில்லை.

அவருடைய வலது கையின் மேல் இன்னொரு கை இருந்தது.

ஊறி உப்பி, நகமில்லாத கை.

"பாண்டீஸ்வரி... ஏட்டி... புடிச்சி இழுட்டி!"

அவள் கிட்டே வரவில்லை. "உள்ள ஆளிருந்தா பொறுக்கணும்லா, மொதலாளி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கை விட்டபோது அவர் கழிவு நீரிலேயே குப்புற விழுந்தார். உருண்டு, தவழ்ந்து, செருப்பில்லாமல் காருக்கு ஓடினார். காலையில் வந்த அதிகாரிகள் முழங்காலளவு நுரையில் நடந்துதான் உள்ளே போனார்கள். பட்டறைக்குச் சீல் விழுந்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா, கண்ணுகளா? அவரா! யார் யார் காலிலோ விழுந்து, தை பிறந்ததும் பட்டறையைத் திறந்துவிட்டார். அன்று பிடிபட்டு வெளுத்துப்போன வலது கையில் நிறம் திரும்பவே இல்லை. தன் பட்டறைத் துணியையே அதில் சுற்றிக்கொண்டு திரிகிறார். குழாய்க்குள் சிமென்ட் ஊற்றி அடைத்தாயிற்று. இப்போது கழிவெல்லாம் டேங்கர் லாரியில் போகிறது, மம்சாபுரத்துப் பக்கம் ஏதோ ஓர் ஓடைக்கு. அந்த ஓடையில் யார் வீட்டு மாடு தண்ணீர் குடித்தால் அவருக்கென்ன?

போன வாரம் அந்த லாரியின் டிரைவர் கிளாட்வின், குரல் எதுவும் கொடுக்காமல் ஓடையில் கழிவைக் கொட்டிவிட்டுக் காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். பின்னால் டேங்கருக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். வண்டியை நிறுத்தி, மேலே ஏறி, மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை.

இறங்கி வந்து வண்டியை எடுத்தார்.

தட்டல் இப்போது அவருடைய இருக்கைக்கு அடியிலிருந்து வந்தது.