சாவிக்குக் காத்திருந்தவள்

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல்தான். ஆனாலும் வானம் கரியை அப்பியதுபோல் இருண்டு கிடந்தது.

மனைவியைப் பிரிந்தபின் நண்பனின் கடை மாடியில்தான் அவர் ஒண்டிக் கிடந்தார். "புள்ள வந்து தங்கற மாதிரி முதல்ல ஒரு வீட்டைப் பாருங்க. அப்புறம் அனுப்பறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கைபேசியில் வீடு தேடுவதே கதி. கடைசியில் அகப்பட்டது இந்த வீடு. பெரிய ஜன்னல், மகளுக்குத் தனி அறை, அந்தப் பக்கத்து வாடகையில் பாதி. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். "நிறைய பேர் கேக்கறாங்க. இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க, சாவி உங்க கைக்கு வந்துடும். நேர்ல போக வேண்டாம்" என்றிருந்தார்.

பணம் அனுப்ப விரல் துறுதுறுத்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. வெளியிலிருந்தாவது ஒரு பார்வை பார்ப்போம் என்று வந்துவிட்டார்.

படிக்கட்டில் ஈரச் சுவரின் வாடை. விளக்கு எரியவில்லை. மேலே எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடியில், அந்தக் கதவருகே, சுருட்டிய மெத்தைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி சுற்றிய குக்கர்.

"வீடு பார்க்க வந்தியா தம்பி?" என்றாள் மெல்லிய குரலில்.

"ஆமாக்கா. நீங்க?"

"குடி வந்திருக்கேன். சாவி வந்துட்டே இருக்குன்னாரு." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு முகத்தைப் பார்த்திருக்கியா?"

"இல்லக்கா. வீடியோல வரச் சொன்னேன். கேமரா ரிப்பேருன்னாரு."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு. உள்ள காட்டினாரா?"

"போட்டோ மட்டும்தான்."

"கண்ணால பார்க்காத வீட்டுக்குப் பணம் கேக்க மட்டும் அவருக்கு ஏன் தம்பி இவ்வளவு அவசரம்?"

அவர் மூடிய கதவைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பிட்டீங்களாக்கா?"

"இருந்ததெல்லாம்."

அந்த வீட்டுக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா? தனியா நின்னு யார்கிட்ட பேசற?"

ஓட்டுநர் திரும்பினார்.

மெத்தை இல்லை.

அவளும் இல்லை.

அவர் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். பெரியவர் பெருமூச்சு விட்டார். "இது எங்க சொந்த வீடுப்பா. வாடகைக்கெல்லாம் இல்ல. நாங்க வாங்கறப்போ வந்த விளம்பரப் படங்களை எவனோ திருடிப் போட்டு ஏமாத்தறான்." குரலைத் தாழ்த்தினார். "மடியில குக்கர் வச்சிருந்தாங்களா?"

ஓட்டுநர் தலையாட்டினார்.

"நாங்க வெளியூர் போயிருந்த சமயம். அந்தம்மா இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டாங்க. திரும்பி எங்க போவாங்க? யார் கேட்டாலும் 'சாவி வந்துடும்'னே சொல்லிட்டிருந்தாங்களாம். அவனும் போன்ல அப்படியே சொல்லிச் சொல்லி உட்கார வச்சிருக்கான். நல்ல மழை, காய்ச்சல். நாங்க வந்து பார்த்தப்போ..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உடம்பை வாங்கிக்கக்கூட ஒருத்தரும் வரல."

ஓட்டுநர் பணம் அனுப்பவில்லை. போலீசில் புகார் கொடுத்தார். அப்புறம் தெருத்தெருவாக நடந்து ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார். வீட்டுக்கார அம்மாள் குழாயைத் திறந்து காட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் அட்வான்ஸ். அறை ஒன்றுதான். ஜன்னல் எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தது. ஆனாலும் மகள் வந்தாள்.

அந்த ஞாயிறு நண்பகல் அவள் சோபாவில் கால் நீட்டிக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படியில் இருந்தார்.

"அப்பா, வாசல்ல ஒரு ஆன்ட்டி நிக்கறாங்க."

"யாரும்மா?"

"தெரியல. கையில குக்கர் வச்சிருக்காங்க. உள்ள வரலாமான்னு கேக்கறாங்க."

அவர் போய்ப் பார்த்தார். வெயில் காய்ந்த வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. கதவைச் சாத்தப் போன கை பாதியில் நின்றது.

"வாங்கக்கா," என்றார், யாருமற்ற வாசலைப் பார்த்து. "உள்ள வாங்க."

மகள் காலை மடக்கிக்கொண்டு, சோபாவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மகள் விட்ட இடத்தில் இருக்கை மெல்ல அமுங்கியது.