பீரோவில் இல்லாத ஒப்பந்தம்

திங்கட்கிழமை மாலை ஏழு பத்துக்கு இளவரசு பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் அவருடைய தூதரகப் பாஸ்போர்ட் இருந்தது. மனைவியின் வளையல்களும் இருந்தன. அவற்றின் மேல் வைத்திருந்த ஒப்பந்தத்தை மட்டும் காணவில்லை.

மூன்று தட்டுகளையும் கொட்டிக் கவிழ்த்தார். பீரோவுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். இல்லை.

முப்பது வருடம் அயல்நாட்டுப் பணியில் இருந்தவர். எல்லைத் தகராறுக்கும் மீன்பிடித் தகராறுக்கும் மேஜை போட்டுப் பேசியவர். ஆனால் சிதம்பரத்தில் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு குளியலறையை மாற்றிக் கட்ட, வீட்டுக்காரர் கோவிந்தசாமியைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவர் இருக்கும் கடலூர் முதுநகருக்கு மூன்று முறை அலைந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் கையெழுத்தானது. வாசற்படியை உடைத்துச் சரிவு போடலாம், குளியலறைக் கதவை அகலப்படுத்தலாம். பதிலுக்கு இளவரசு ஐந்து வருடம் வீட்டைக் காலி செய்யக் கூடாது. நகல்கூட இன்னும் எடுக்கவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

எல்லாம் மனைவி தமிழினிக்காக. விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து பதினோரு மாதமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ஆப்பிரிக்க நாடொன்றில் தூதர் பதவி அவரைத் தேடி வந்திருந்தது. முடியாது என்று புதன்கிழமைக்குள் பதில் எழுதுவதாக முடிவு செய்திருந்தார்.

"திருடன் பாஸ்போர்ட்டை விட்டுட்டு அக்ரிமெண்ட்ட எடுத்துட்டுப் போவானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் அவள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய் காலை எட்டரை மணி. இரவே கொடுத்த புகாரில் தூதரகப் பாஸ்போர்ட் இருந்த பீரோ என்று இருந்ததால் இன்ஸ்பெக்டர் பிரிசில்லாவே வந்துவிட்டார். நாற்பது வயது, சின்ன உருவம், குறைந்த பேச்சு.

"நேத்து சாயந்தரம் என்ன நடந்துச்சு சார்? மணிவாரியா சொல்லுங்க."

"ரெண்டு மணிக்கு வீட்டுக்காரர் பெயிண்டரைக் கூட்டிட்டு வந்தார். நடைச் சுவத்துக்குப் பட்டி பார்த்தாங்க. நாலு மணிக்கு ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான் பீரோவப் பார்த்தேன், பேப்பர் இருந்துச்சு. நாலரைக்குக் கதவு ஆர்டர் குடுக்கப் புவனகிரி போனேன். ஏழு மணிக்கு வந்தேன்."

"வாசல்?"

"வெளியே பூட்டிட்டுப் போனேன். பூட்டு உடையல."

"இன்னொரு சாவி?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"பீரோ சாவி?"

பீரோவுக்குப் பக்கத்தில், தன் தலை உயரத்தில் இருந்த ஆணியைக் காட்டினார். பிரிசில்லா எட்டி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். பிறகு படுக்கையறையிலிருந்து பீரோ அறை வரை நீண்ட நடைவழியில் மெதுவாகப் போனார். சுவரில் பூசிக் காய்ந்திருந்த வெள்ளைப் பட்டியில் அங்கங்கே கை அழுந்திய தடங்கள்.

"இது என்ன?"

"அந்தப் பெயிண்டர் வேலை அவ்வளவு லட்சணம்" என்றார் இளவரசு எரிச்சலோடு.

பத்து மணிக்குக் கோவிந்தசாமியும் பெயிண்டர் சாமிக்கண்ணுவும் வந்து சேர்ந்தார்கள். இளவரசுவுக்குச் சந்தேகமெல்லாம் வீட்டுக்காரர் மேல்தான். அரை மனதாகக் கையெழுத்துப் போட்டவர், இன்னொரு சாவி வைத்திருப்பவர். வேறு யாராக இருக்க முடியும்?

"நேத்து நாலு மணிக்கப்புறம் எங்க இருந்தீங்க?" என்றார் பிரிசில்லா.

"பஸ் ஏறிட்டேம்மா. அஞ்சரைக்கு முதுநகர்ல எறங்கி, பேத்திய டியூஷன்லேருந்து கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க கேமரா இருக்குது, பாத்துக்குங்க." கோவிந்தசாமிக்குக் குரல் ஏறியது. "இவரு அஞ்சு வருஷம் இருப்பாருன்னு எழுதினதே எனக்குத்தாம்மா சாதகம். அத நானே ஏன் திருடணும்?"

அது நியாயம்தான். காகிதம் வீட்டுக்காரருக்கும் வேண்டும், தனக்கும் வேண்டும். பிறகு யார்தான் எடுத்தார்கள்?

"சாமிக்கண்ணு, சுவத்துல கை வெச்சீங்களா?"

"ஈரப் பட்டியில எவனாவது கை வெப்பானாங்க? நான் போறப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதுவுமில்லாம இதப் பாருங்க." முறம் போன்ற தன் உள்ளங்கையைத் தடத்தின் மேல் வைத்தார். தடம் காணாமல் போனது. பிரிசில்லா தன் கையை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

யோசனையோடு இன்ஸ்பெக்டர் படுக்கையறைக்குள் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தமிழினி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?"

இளவரசு குறுக்கே வந்து நின்றார். "என்ன மேடம் விளையாடுறீங்களா? அவளால எப்படி எழுந்திருக்க முடியும்?"

தமிழினி கணவரைப் பார்த்தாள். நாற்காலியின் பிடிகளை இறுக்கினாள். மெல்ல, மிக மெல்ல எழுந்து நின்றாள்.

பிரிசில்லா நாற்காலியின் மெத்தையைத் தூக்கினார். நான்காக மடித்த ஒப்பந்தம் அடியில் கிடந்தது.

"பூட்டு உடையலன்னா எடுத்தவங்க உள்ளயே இருந்தவங்க" என்றார் பிரிசில்லா. "உள்ள இருந்தது ஒருத்தர்தான். சாவி அவங்களுக்கு எட்டாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. ஆனா சுவத்தப் பாருங்க. பீரோ பக்கம் போறப்ப இடது கை, திரும்பி வர்றப்ப வலது கை, எல்லாம் தோள் உயரத்துல. ரெண்டு தடத்துக்கும் நடுவுல ஒரு சின்ன அடி தூரம். திருட வந்தவன் அடிக்கு அடி சுவத்தப் பிடிக்க மாட்டான் சார். நடக்கப் பழகுறவங்கதான் பிடிப்பாங்க."

"எப்பலேருந்து?" என்றார் இளவரசு.

"ரெண்டு மாசமா, நீங்க வெளிய போறப்பல்லாம்" என்றாள் தமிழினி. "ஒருநாள் உங்க முன்னாடி நின்னு பாத்தேன். விழுந்துடுவன்னு கத்தி உக்கார வெச்சீங்க. அந்தத் தூதர் வேலைய விடாதீங்கன்னு நாலு தடவ சொன்னேன். நீங்க தலையாட்டிட்டுப் படிய எத்தன அங்குலம் உடைக்கலாம்னு அளந்தீங்க. அஞ்சு வருஷம் நான் இப்படியேதான் இருப்பேன்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. நான் போடல."

அவளுடைய முழங்கையைத் தாங்கப் போன இளவரசு, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அவள் தானே நிற்கட்டும்.

"புகார் என்ன பண்றது சார்?" என்றார் பிரிசில்லா.

"வாபஸ் வாங்கிக்கிறேன்."

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அப்ப சரிவும் வேணாம், பெரிய கதவும் வேணாமா?"

"வேணாங்க. நடையோரமா ஒரு இரும்புக் கைப்பிடி போட்டுக் குடுங்க, போதும். மூணு மாசத்துல நாங்க இவரு வேலைக்குக் கெளம்பிடுவோம்."

"கைப்பிடிதான? என் படி உடையாம இருந்தாச் சரி. வியாழக்கிழமையே ஆள அனுப்பறேன்." கணவர் மூன்று முறை கடலூர் போய் முடித்த பேச்சை அவள் நின்றபடியே முடித்துவிட்டாள்.

"எந்த உயரத்துலங்க வெக்கணும்?" என்று பென்சிலோடு கேட்டார் சாமிக்கண்ணு.

உயரத்தைக் காட்டத் தமிழினி நடைக்கு வந்தாள். ஓர் அடி, இன்னோர் அடி. இளவரசு இரண்டடி பின்னால் நடந்தார்.